மெஷினுக்கு வைத்த சந்தனம்

போன வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. தெற்கு ஆவணி மூல வீதியில் என் நண்பர் பத்ரிநாத்தின் வெள்ளிக் கடை. வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, வழக்கமாக வரும் காப்பிக்காகக் காத்திருந்தேன். எதிரே, பேங்க் அனுப்பிய சர்வீஸ் இன்ஜினியர் கார்டு மெஷினைக் கவிழ்த்து வைத்து, ஒரு ஊசியால் அதன் வாயைக் குடைந்துகொண்டிருந்தார்.

குடைந்தார்... தட்டினார்... மறுபடியும் குடைந்தார்.

கீழே விரித்திருந்த வெள்ளைத் தாளில் பொலபொலவென்று மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. இன்ஜினியர் அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"அண்ணே... சந்தனம்ணே இது!"

காப்பி வந்தது. குடிக்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த மெஷினுக்குச் சந்தனம் வைத்தவன் — சாட்சாத் அடியேன்தான்!

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். இல்லாவிட்டால் சந்தனம் வைத்ததற்கு இந்த ஆள் ஏன் இப்படி நடுங்குகிறார் என்று நினைப்பீர்கள்.

பத்ரிநாத் சௌராஷ்டிரக்காரர். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், சேலத்து மொத்த வியாபாரியிடம் கெஞ்சல் — ஆக மூன்று மொழிகளும் சரளம். கடையில் அவரும் மனைவி சுலோச்சனாவும்தான். வேறு ஆள் கிடையாது. மூன்று வாடிக்கையாளர்கள் சேர்ந்து வந்தால் ஒருவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அவ்வளவு பெரிய கடை!

போன வருடம் அவருக்குப் பேங்க் ஒரு புது கார்டு மெஷின் கொடுத்தது. பழைய மெஷினில் கார்டைப் பக்கவாட்டில் சர்ரென்று தேய்த்தால் போதும். இதில் தேய்க்கவும் செய்யலாம். முன்பக்கம் கீழே நீளமாக ஒரு வாய் இருக்கிறது, அதில் சொருகவும் செய்யலாம். கார்டின் முகத்தில் தங்க நிறத்தில் சின்னதாக ஒரு சில்லு இருக்கிறது பாருங்கள், சிப் — அது இருந்தால் சொருக வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்க வேண்டும். மெஷின் கொண்டு வந்தவர் இவ்வளவுதான் சொன்னார். நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினார். போய்விட்டார்.

எதற்கு இந்த சிப்? கார்டின் முதுகில் இருக்கும் கறுப்புப் பட்டையை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி காப்பி எடுத்து வேறு கார்டில் ஏற்றிவிடுகிறார்களாம். சிப்பை அப்படி எளிதில் காப்பி எடுக்க முடியாதாம். ஆனால், நம் ஊரில் யாரிடம் சிப் கார்டு இருக்கிறது? என்னிடம் இல்லை. உங்களிடமும் அநேகமாக இருக்காது. மீனாட்சி கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம்தான் இருக்கும். அவர்களும் பத்ரி கடையில் விலை கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கள். அதனால் அந்த வாய்க்கு வேலையே இல்லாமல் இருந்தது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

"ரைட்டர் சார், இந்த வருசம் புது மெஷின் வந்திருக்கு. உங்க கையால சந்தனம் வச்சு ஆரம்பிச்சு வைங்க" என்றார் பத்ரி. எழுதுகிறவன் கை ராசியான கை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் பேங்க் பாஸ்புக்கைப் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

தராசுக்கு வைத்தேன். கல்லாப்பெட்டிக்கு வைத்தேன். மெஷினிடம் வந்ததும் குழப்பம். எது இதற்கு நெற்றி? திரையில் வைத்தால் எழுத்து மறையும். பட்டனில் வைத்தால் நம்பர் மறையும். மேலே வைத்தால் பேப்பர் வருகிற இடம். யோசித்து யோசித்து, காலியாக இருந்த முன்பக்க விளிம்பில் மூன்று விரலால் தாராளமாக ஒரு இழுப்பு இழுத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணீராக இருந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது!

மார்கழிக் கடைசியில் ஒரு மனிதர் வந்தார். அப்போது நான் கடையில் இல்லை. பத்ரி சொல்லித்தான் தெரியும். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கனிவான பேச்சு. மலேசியாவாம். தை மாதம் மகளுக்குக் கல்யாணமாம். ஜோடிக் குத்துவிளக்கு, குடம், தட்டு, சந்தனப் பேலா, பன்னீர்ச் செம்பு — எல்லாம் வெள்ளியில். எண்பத்தாறாயிரம் ரூபாய். பத்ரி கடையில் ஒரே பில்லில் அவ்வளவு போனது அதுதான் முதல் தடவை.

கார்டில் சிப் இருந்தது. பத்ரி ஒழுங்காகக் கீழே சொருகினார். மெஷின் படிக்கவில்லை. எடுத்துத் துடைத்துச் சொருகினார். படிக்கவில்லை. மூன்றாவது தடவையும் இல்லை. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்லயும் சில சமயம் இப்படித்தான் அண்ணே. தேய்ச்சுப் பாருங்களேன்" என்றிருக்கிறார். தேய்த்தார். டுர்ரென்று பேப்பர் வந்தது. கையெழுத்து வாங்கி, கார்டின் முதுகில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார். அச்சு அசலாக ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல்? இரண்டையும் போட்டது ஒரே ஆள்தானே!

மாசியில் பேங்கில் இருந்து கடிதம். இங்கிலீஷில் இருந்ததால் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மலேசியாவில் உண்மையான கார்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் மதுரைக்கு வந்ததே இல்லை. அவருடைய கார்டு அவர் பாக்கெட்டைவிட்டு நகரவும் இல்லை. கடைக்கு வந்தது போலி கார்டு. சிப் உள்ள கார்டை சிப் வழியாக வாங்காமல் தேய்த்து வாங்கியிருக்கிறீர்கள். ஆகவே பொறுப்பு உங்களுடையது. எண்பத்தாறாயிரத்தை உங்கள் கணக்கில் இருந்து எடுத்துக்கொண்டோம். இப்படிக்கு, உங்கள் உண்மையுள்ள...

எடுத்துக்கொள்ளப் போகிறோம் இல்லை. எடுத்துக்கொண்டோம்!

"நாந்தான் மூணு தரம் சொருகினேனே சார்!" என்றார் பத்ரி. "பொருளும் போச்சு, பணமும் போச்சுன்னா நான் என்னத்த சார் பண்ணுவேன்? சேலத்துல பழசைக் கட்டாம புதுச் சரக்கு தர மாட்டாய்ங்க. வைகாசி முகூர்த்தத்துக்குக் காலி அலமாரியையா காட்டுறது?"

வருடத்தில் அந்த இரண்டு மூன்று மாதம் நடக்கும் வியாபாரத்தில்தான் மற்ற மாதங்கள் ஓடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுலோச்சனா கல்லாவில் உட்கார்ந்து வளையலை உருட்டிக்கொண்டே இருந்தார்.

பேங்கோடு போட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தோம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. வெள்ளியில் முத்திரை பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் படிக்க முடிந்தது. மெஷின் தானாகக் கெட்டிருந்தால் பேங்க் பொறுப்பு. கடைக்காரர் கெடுத்திருந்தால் கடைக்காரர் பொறுப்பு. படித்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். என் நண்பர் மூன்று முறை முயன்றார், உங்கள் மெஷின்தான் பழுது, தைரியமிருந்தால் ஆள் அனுப்பிச் சோதித்துப் பாருங்கள்... கடைசி வரியை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

ஆள் அனுப்பிவிட்டார்கள். அவர்தான் போன வியாழக்கிழமை ஊசியோடு வந்தவர்.

இப்போது புரிகிறதா என் நடுக்கம்? பத்ரி பொய் சொல்லவில்லை, மெஷின் படிக்கவில்லை என்பதற்கு அந்தச் சந்தனம்தான் சாட்சி. மெஷின் தானாகக் கெடவில்லை, கடையில்தான் கெடுத்தார்கள் என்பதற்கும் அதே சந்தனம்தான் சாட்சி!

இன்ஜினியர் நல்ல மனிதர். செல்லூர்க்காரர். ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தார்.

நான் மென்று விழுங்கிக்கொண்டே கேட்டேன்: "ஏங்க, கார்டே போலின்னா அதுல இருந்த சிப்பும் போலியாத்தானே இருக்கும்? சந்தனம் இல்லாட்டியும் அது படிச்சிருக்காதுல்ல?"

"கரெக்ட் சார். படிச்சிருக்காதுதான். வாய் சுத்தமா இருந்திருந்தா, மெஷின் மேலயும் தப்பில்ல, கடை மேலயும் தப்பில்ல, கார்டுதான் கோளாறுன்னு கீழ குறிப்பு எழுதிட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன். இப்ப இம்புட்டுச் சந்தனம் கொட்டுதே! கார்டால படிக்கலையா, சந்தனத்தால படிக்கலையான்னு பேங்க்ல கேட்டா நான் எதைச் சொல்ல?" என்றார். பிறகு பத்ரியைப் பார்த்தார். "ஃபாரத்துல ரெண்டே கட்டம்தான்ணே இருக்கு. மெஷின் கோளாறு... கடைக்காரர் கவனக்குறைவு. யாருண்ணே இதுல சந்தனம் வச்சது?"

'நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். எண்பத்தாறாயிரம்... என் வீட்டில் அவ்வளவு ஏது? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கு நியாயம் சொல்கிறவன், ஸ்டூலில் மண்ணாந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"நாந்தான் வச்சேன்" என்றார் பத்ரி. "எழுதிக்கங்க தம்பி."

எழுதிக்கொண்டு, மெஷினைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு இன்ஜினியர் போய்விட்டார். பத்ரி என் பக்கம் திரும்பவே இல்லை. சுலோச்சனாவைப் பார்த்து சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். அவரும் வேகமாக ஏதோ பதில் சொன்னார். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சுக்கு மொழி எதற்கு? ஒவ்வொரு சொல்லும் என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றியது. வேலை இருப்பதாக ஏதோ உளறிவிட்டு நழுவினேன். திருநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறந்து கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"அந்த மனுசன் உங்களுக்காகத் தப்பைத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரு. நீங்க சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

"திடீர்னு கேட்டுட்டான்டி..."

"ஆமா, பாவம்! முன்கூட்டியே லெட்டர் போட்டுக் கேட்டிருக்கணும். காலையில முதல் வேலையா போயிச் சொல்லிட்டு வாங்க. என் ரெண்டு வளையல் இருக்கு. பாதியாவது குடுப்போம்" என்றாள். வளையலைக் கழற்றி மேசை மேல் வைத்தும்விட்டாள். அதற்குப் பிறகு நான் எப்படி வீட்டில் உட்கார்ந்திருக்க?

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்கே கடை வாசலில் நின்றேன். நான் வழக்கமாகச் சாயங்காலம் போகிறவன். அந்தக் கடை திறக்கும் நேரத்தை ஆயுத பூஜைக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. ஊதுபத்தி வாசனை. உள்ளே இருவரும் சௌராஷ்டிரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டைதான், குரலிலேயே தெரிந்தது. குனிந்து உள்ளே நுழைந்தேன். சட்டென்று பேச்சு நின்றது.

"வாங்க சார்" என்றார் பத்ரி. முகத்தில் சுரத்தே இல்லை.

'பத்ரி, ஒரு விஷயம்...' என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த வசனத்தை எடுக்கப் போனேன். அதற்குள் சுலோச்சனா சந்தனக் கிண்ணத்தோடு எழுந்தார். தராசுக்கு ஒரு பொட்டு வைத்தார். கல்லாப்பெட்டிக்கு ஒரு பொட்டு. அப்படியே, பார்க்காமலே, பழகின கை மெஷினுக்குப் போனது.

போன கை பாதியில் நின்றது.

விரல் நுனியில் சந்தனம். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது. நான் பத்ரியைப் பார்த்தேன். பத்ரி தரையைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்று சுலோச்சனா என்னிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நாந்தானே வைக்கிறேன். மத்தியானமே ஈரத்துணியை வச்சு அழுத்தித் தொடைக்கிறதும் நாந்தான். அம்புட்டும் அந்த வாய்க்குள்ளதான போயிருக்கும்? பேங்க்ல போயி நாந்தான்னு சொல்றேங்கிறேன். இவரு வாயைத் தெறக்காதேங்கிறாரு. நேத்துல இருந்து இதான் சண்டை."

நேற்று அவர்கள் பேசியது என்னைப் பற்றியே இல்லை! பத்ரி காப்பாற்றியதும் என்னை இல்லை!

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மறைக்காமல் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது. எதிரில் ஒரு பெண்மணி அழுதுகொண்டு நிற்கிறார், எனக்கு நெஞ்சில் இருந்து கல் இறங்குகிறது! அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தில்தான் எனக்குப் பேச்சே வந்தது.

"இல்லம்மா. முதல்ல வச்சது நான். ஆயுத பூஜைக்கு. தண்ணியா, தாராளமா..."

"அதைத்தான் அன்னிக்கே தொடைச்சிட்டேனேண்ணே."

"தொடைச்சா? உள்ளே போனது போனதுதானே?"

"நீங்க வச்சது ஒரு நாளு. நான் எத்தனை வெள்ளிக்கிழமை வச்சிருக்கேன்!"

"முதல் பூச்சு என்னதும்மா!"

நாங்கள் இருவரும் ஏலம் கேட்கிற மாதிரி மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம். வளையல் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பாதியாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பத்ரிக்கு வந்ததே கோபம்!

"என்ன சார் நீங்க, சந்தனத்துக்குப் பங்கு கேக்குறீங்க? உங்க சந்தனம் எம்புட்டு, இவ சந்தனம் எம்புட்டுன்னு தராசு வச்சா பாக்க முடியும்? மெஷின் கொடுக்கையில கையெழுத்துப் போட்டது நான். அந்த ஆளுக்கிட்ட பல்லைக் காட்டிக்கிட்டுத் தேய்ச்சதும் நான். பெரிய பில்லைப் பாத்ததும் புத்தி மழுங்கிப்போச்சு. வளையலை எடுத்து உள்ள வைங்க. தங்கச்சிக்குத் தெரிஞ்சா குடுத்து விட்டுச்சு?"

தெரிந்துதான் கொடுத்துவிட்டாள் என்றேன். அவர் உள்பக்கம் போய்விட்டார். வெளியே வர ஐந்து நிமிடம் ஆயிற்று. வரும்போது முகம் கழுவியிருந்தார்.

நாலைந்து நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் போலி கார்டு எத்தனை கை கடந்து வந்திருக்கும்? அங்கே ஒரு பேங்க், இங்கே ஒரு பேங்க், நடுவில் கார்டு கம்பெனி, மெஷின் செய்தவர், மெஷின் கொண்டு வந்தவர்... ஒவ்வொருவரிடமும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பொடி எழுத்து இருக்கிறது. பொறுப்பு என்னதில்லை, அடுத்தவனது என்று சொல்வதற்காகவே வக்கீல் வைத்து எழுதிய எழுத்து. தள்ளித் தள்ளிக் கடைசியில் வந்து விழுந்தது எங்கே? வக்கீல் வைக்க வசதியில்லாத, பத்தடிக்கு எட்டடிக் கடையில்.

திருடர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கார்டு வந்தால் கார்டுத் திருடன் வருவான். சிப் வந்தால் நாளைக்கு சிப்புக்கும் ஒருத்தன் வருவான். எனக்கு இப்போது அவனைக்கூட அவ்வளவு பயமில்லை. கையெழுத்துப் போடும்போது நாம் படிக்காத பொடி எழுத்தை நினைத்தால்தான் பயம். நீங்களும் ஏதாவது கடை வைத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் உங்கள் ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மெஷினையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். எது உதிர்கிறதோ யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை பேங்கின் முடிவு வந்துவிட்டது. போனில்தான் சொன்னார்கள். ஸ்பீக்கரில் போட்டு மூவரும் கேட்டோம். கடைக்காரரின் கவனக்குறைவு என்று ஊர்ஜிதமாகிவிட்டது, பணம் திரும்பி வராது, மெஷினைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்... சொன்ன பெண் இனிமையாகத்தான் சொன்னார். வேறு உதவி ஏதாவது தேவையா என்றும் கேட்டார்.

"வேண்டாம்மா" என்று போனை வைத்தார் பத்ரி. சேலத்துக்கு நம்பர் போட்டார். பழைய பாக்கியைத் தவணையில் கட்டுகிறேன், வைகாசிக்குப் பாதிச் சரக்காவது அனுப்புங்கள் என்று அந்த மூன்றாவது மொழியில் பேச ஆரம்பித்தார். பார்க்கலாம் என்றார்களாம். அனுப்புகிறோம் என்று சொல்லவில்லை.

சுலோச்சனா மறுபடியும், "நாந்தான்..." என்று ஆரம்பித்தார். "இல்லம்மா, நான்தான்..." என்றேன் நான். "ரெண்டு பேரும் சும்மா இருங்க, நாந்தான்" என்று அதட்டினார் பத்ரி.

அந்தச் சின்னக் கடைக்குள் மூன்று பேர் 'நான்தான், நான்தான்' என்று முட்டிக்கொண்டு நிற்கிறோம். எண்பத்தாறாயிரத்தை அள்ளிக்கொண்டு போனவன் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை!